லின்னேயஸ் டிரைப்: நெகட்டிவில் மேகம் தீட்டியவர்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி. பொழுதுபோக்காக ஒளிப்படக்கலையைக் கற்றுக்கொண்டவர். பின்னர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அவர் 1858-இல் எடுத்த படங்கள் தமிழகத்தின் பழைய ஒளிப்பட ஆவணங்களில் முக்கியமானவை. வெளிப்புறக் காட்சிகளைப் பதிவு செய்தபின், நெகட்டிவின் மீது தூரிகையால் மேகங்களையும் இலைகளின் ஒளியையும் தீட்டிச் சேர்ப்பது அவரது வழக்கம். கணினியில் படத்தைத் திருத்தும் இன்றைய பழக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தைய முன்னோடி இது.

வெளிப்புறப் படத்தின் சிக்கல்

காஞ்சிபுரத்தின் மேற்கில் உள்ள பிள்ளையார்பாளையம் பட்டு நெசவாளர்கள் வாழும் பகுதி. அதை ஒட்டிக் கைலாசநாதர் கோயில் உள்ளது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் கோயில் இது. கேமராவுடன் இங்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே சிக்கலைச் சந்திக்கிறார்கள். திருச்சுற்றின் சிறு சன்னதிகள் நிழலில் இருக்கும். விமானத்துக்குப் பின்னால் வானம் கண்ணைக் கூசும். சன்னதியின் சிற்பம் தெரியும்படி ஒளியளவை வைத்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும். வானத்துக்கு ஏற்ப வைத்தால் சிற்பம் கரிய நிழலாகிவிடும்.

மனிதக் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும். கேமரா அப்படிப் பார்ப்பதில்லை. இன்றைய செல்பேசிகள் வெவ்வேறு ஒளியளவுகளில் சில படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி இந்த இடைவெளியைக் குறைக்கின்றன. 1850-களின் ஒளிப்படக்காரர்களுக்கு இச்சிக்கல் இன்னும் கடுமையாக இருந்தது. அக்காலத்து வெள்ளி உப்புப் பூச்சு நீல ஒளிக்கும் புற ஊதாக் கதிருக்கும் மட்டுமே நன்றாக இசைந்தது. பச்சையும் சிவப்பும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. அதனால் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து அச்சில் வெறும் வெள்ளையாக வந்தது. மரங்கள் கருந்திட்டுகளாயின. செம்மண் தரை உண்மையில் இருப்பதைவிடக் கருத்துத் தெரிந்தது. மேகங்கள் பதிவாகவே இல்லை.

ராணுவ அதிகாரி ஒளிப்படக்காரரானது

டிரைப் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக நகரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் தாய்நாடு சென்றபோது ஒளிப்படக்கலையைப் பழகினார். 1853-இல் லண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். 1854-இல் பெங்களூருக்குத் திரும்பியவர், அவ்வாண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகொளா ஆகிய இடங்களைப் படமெடுத்தார். 1855-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவர் வைத்த 68 படங்கள் நடுவர்களின் பாராட்டைப் பெற்றன.

இதுவரை அவர் தன் விருப்பத்துக்காகப் படமெடுத்தவர். 1855-இல் நிலைமை மாறியது. தலைமை ஆளுநர் டல்ஹவுசி பர்மாவின் ஆவா அரசவைக்கு அனுப்பிய தூதுக்குழுவில் டிரைப் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார். மழை, நோய், பயண அவசரம் ஆகியவற்றால் அங்கு உண்மையில் வேலை செய்யக் கிடைத்தவை 36 நாட்களே என்று அவரே பதிவு செய்துள்ளார். அந்நாட்களில் 200-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை உருவாக்கினார். அவற்றிலிருந்து 120 படங்களைத் தேர்ந்து 50 தொகுதிகளாக அச்சிட்டார். அதாவது ஏறத்தாழ 6,000 அச்சுகள். ஒவ்வொன்றையும் கையால் தயாரிக்க வேண்டியிருந்தது.

1856-இல் சென்னை அரசு அவரை மாகாணத்தின் ஒளிப்படக்காரராக நியமித்தது. பழம்பொருள் ஆய்வாளருக்கும் சிற்பக் கலைஞருக்கும் வரலாற்றாசிரியருக்கும் பயன்படும் சின்னங்களை, அவை அழிவதற்கு முன் படமாகப் பதிவு செய்வதே பணியின் நோக்கமாகச் சொல்லப்பட்டது.

தமிழகப் பயணம்

1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை முதலான இடங்கள், ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று 1858 ஏப்ரல் வரை பயணம் நீண்டது. வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது.

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, வண்டியூர் தெப்பக்குளம், யானைமலை ஆகியவற்றை எடுத்தார். விளக்குத்தூண் என்று இன்று மதுரைக்காரர்கள் அழைக்கும் பிளாக்பர்ன் நினைவுச் சின்னமும் அவரது கேமராவில் பதிவானது. இப்படங்கள் 1858-இல் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்டு, பிறர் எழுதிய விளக்கக் குறிப்புகளுடன் வெளியாயின. மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகள் ஒதுக்கப்பட்டன. காஞ்சிபுரம் இத்தொகுப்புகளில் இடம்பெறவில்லை.

படமெடுக்கும் முறை

அக்காலத்தில் இரண்டு வழிகள் பரவலாக இருந்தன. ஒன்று ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் பூச்சைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவி முடிக்க வேண்டும். வெயில் காயும் ஊர்களில் இது பெரும் தொல்லை. மற்றொன்று பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்ட மெழுகுத்தாள் முறை. தாளில் முதலில் தேன்மெழுகை ஊறவிட்டு, பிறகு வேதிப்பொருட்களில் தோய்த்து உலர்த்துவார்கள். இத்தாளைச் சில நாட்கள் முன்பே தயார் செய்து வைக்கலாம். படமெடுத்தபின் உடனே கழுவ வேண்டியதில்லை. பயணம் செய்பவருக்கு இது வசதி. டிரைப் பெரும்பாலும் மெழுகுத்தாளையே நம்பினார். தமிழகப் பயணத்தில் உலர் கொலோடியன் கண்ணாடித் தகடுகளையும் பயன்படுத்தினார்.

அன்று படத்தைப் பெரிதாக்கும் வசதி வழக்கத்தில் இல்லை. நெகட்டிவை அச்சுத்தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டித்தான் அச்செடுப்பார்கள். பெரிய படம் வேண்டுமென்றால் கேமராவும் பெரிதாக இருக்க வேண்டும். ஓரடிக்கும் அதிக அகலமுள்ள நெகட்டிவ்களுக்கான கேமரா, முக்காலி, வேதிப்பொருள் பாட்டில்கள், தாள், நல்ல தண்ணீர் ஆகிய எல்லாவற்றையும் ஊர் ஊராகச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

ஒளி பதிவதற்கு நேரமும் அதிகம் பிடித்தது. நிழலான மண்டபங்களில் நிமிடக் கணக்கில் கேமரா திறந்திருந்தது. அந்நேரத்தில் நடந்துபோன மனிதர்களும் மாடுகளும் படத்தில் தடம் இல்லாமல் மறைந்துபோவார்கள். அக்காலத்து வெளிப்புறப் படங்களில் தெருக்கள் ஆளற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளையார்பாளையத் தெருவில் காலையில் பாவு நீட்டி வேலை செய்யும் நெசவாளர்களை அந்தக் கேமராவால் படமெடுத்திருந்தால், அசையாமல் நிற்கும் கழிகளும் சுவர்களும் மட்டுமே தெளிவாகப் பதிந்திருக்கும்.

நெகட்டிவில் தூரிகை

நெகட்டிவில் எந்த இடம் கருமையாக இருக்கிறதோ, அச்சில் அந்த இடம் வெளுப்பாக வரும். ஆகவே நெகட்டிவின் மேல் வண்ணம் பூசினால் ஒளி அங்கே தடைபட்டு, அச்சில் அவ்விடம் வெளிறும். டிரைப் இந்த எளிய விதியைப் பயன்படுத்தினார்.

அன்றைய ஒளிப்படக்காரர்களில் பலர், திட்டுத்திட்டாகப் பதிந்த வானத்தை மையால் முழுவதும் மறைத்து ஒரே வெள்ளையாக்கிவிடுவார்கள். டிரைப் அதோடு நிற்கவில்லை. வானப் பகுதியில் மெல்லிய தூரிகைக் கோடுகளால் மேகங்களை உருவாக்கினார். கருந்திட்டாக நின்ற மரங்களில் வெயில் படும் இலைகளைப் புள்ளிகளாக இட்டார். நீர்ப்பரப்பில் ஒளியின் மினுமினுப்பைச் சேர்த்தார். தாள் நெகட்டிவின் இழைநயம் அச்சிலும் மெல்லியதாகத் தெரியும் என்பதால் தூரிகையின் தடம் அதற்குள் ஒளிந்துகொண்டது. கவனித்துப் பார்த்தால்தான் மேகம் கையால் இடப்பட்டது என்று தெரியும்.

அதே காலத்தில் லெ கிரே இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். இன்று கணினியில் வானத்தை மாற்றிப் பொருத்துவது லெ கிரேயின் வழி. இருக்கும் வானத்தின் மேல் தீட்டுவது டிரைப்பின் வழி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கருவி பார்க்கத் தவறியதை மனிதர் திருப்பிச் சேர்க்கிறார்.

தஞ்சைக் கல்வெட்டு

டிரைப்பின் பணிகளில் மிகவும் பேசப்படுவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் படம். முதலாம் ராஜராஜன் எழுப்பிய விமானத்தின் அடித்தளத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் நீளமாக ஓடுகின்றன. அவற்றின் ஒரு பகுதியைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். துண்டுகள் பொருந்த வேண்டுமானால் கேமரா ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து ஒரே தொலைவிலும் ஒரே உயரத்திலும் நிற்க வேண்டும். ஒளியும் அதிகம் மாறக்கூடாது. படையில் பழகிய ஒழுங்கு இங்கு அவருக்குக் கைகொடுத்தது.

தஞ்சைக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி 1891-இல்தான் வெளிவரத் தொடங்கியது. அதற்கு 30 ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, கோயிலுக்கு வராமலே எழுத்துகளைப் பார்க்க டிரைப்பின் படம் வழி செய்தது.

இங்கேதான் திருத்துவதன் எல்லை தெளிவாகிறது. மேகம் நிலையற்றது. ஒரு மேகத்தைத் தீட்டினால் கோயிலைப் பற்றிய செய்தி மாறாது. கல்வெட்டில் ஓர் எழுத்தைத் தீட்டினால் வரலாறே மாறிவிடும். டிரைப்பின் தூரிகை வானம், இலை, நீர் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் வேலை செய்தது. அவை அவரது பூச்சுத்தாள் பதிவு செய்யத் தவறியவை. ஆனால் பார்ப்பவர் இம்மேகத்தை அன்றைய வானிலைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. டிரைப்பின் படங்களை ஆவணமாகப் பயன்படுத்துபவர் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

பணியின் முடிவு

பயணத்துக்குப் பின் டிரைப் சென்னையில் அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். வால்டர் எலியட் 1845-இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய இச்சிற்பங்கள் 1859-இல் லண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டன. அவை இந்தியாவைவிட்டுப் போகும் முன் பதிவான 75 படங்கள் தனித் தொகுப்பாயின.

1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கிளர்ச்சிக்குப் பிந்தைய நிதி நெருக்கடியில் ஒளிப்படப் பிரிவைத் தேவையற்ற ஆடம்பரமாகக் கருதினார். பணி நிறுத்தப்பட்டது. 1860-க்குள் பிரிவு மூடப்பட்டது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் ஒளிப்படத்தில் அவர் பெரிய பணி எதையும் மேற்கொள்ளவில்லை. 1875-இல் ஓய்வு பெற்று, பிறந்த ஊரிலேயே 1902-இல் மறைந்தார். 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் நடந்த கண்காட்சி அவரது படங்களை மீண்டும் பரவலாக அறியச் செய்தது.

மதிப்பீடு

டிரைப்பின் படங்கள் காலனிய அரசின் தேவைக்காக எடுக்கப்பட்டவை. கோயிலும் கோட்டையும் அவற்றில் உண்டு. அக்கோயிலைச் சுற்றி உழைத்து வாழ்ந்த மக்கள் அரிதாகவே தெரிகிறார்கள். இக்குறையை மீறியும் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. கோயில்கள் திருப்பணியால் மாறுபவை. பிள்ளையார்பாளையத்துக் கைலாசநாதர் கோயிலிலும் உதிரும் மணற்கல்லின் மேல் பூசப்பட்ட சுண்ணச்சாந்து, பழைய உளியின் வேலையைப் பல இடங்களில் மறைத்திருக்கிறது. எது மூலக் கல், எது பிற்காலப் பூச்சு என்று பிரித்தறியப் பழைய ஒளிப்படம் உதவும்.

அதனால் இன்று செல்பேசியுடன் கோயிலுக்குச் செல்லும் மாணவரின் படமும் நாளை ஆவணமாகலாம். டிரைப்பின் பணியிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளக் கூடியவை எளிய பழக்கங்கள். சிற்பத்தின் ஆழம் தெரியச் சாய்ந்த காலை வெயிலில் எடுப்பது, கேமராவை அசையாமல் நிறுத்துவது, இடத்தையும் நாளையும் குறித்து வைப்பது ஆகியவை அவை. திருத்தும்போது வானத்தின் ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். கல்லின் மேல் கை வைக்காமல் இருப்பதும், திருத்தாத மூலப்படத்தைத் தனியே சேமித்து வைப்பதும் அவசியம். டிரைப்பின் நெகட்டிவில் மேகம் தீட்டப்பட்டது என்று இன்று சொல்ல முடிவதும், தூரிகையின் தடம் பார்க்கக் கிடைப்பதால்தான்.