மூச்சுக்குத் தனி ஆள் இல்லாத ஊர்

மருதனார்மடச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணப் பக்கம் போனால் அடுத்தது இணுவில். பெண்களுக்கென்று அமெரிக்க மிஷன் 1898இல் அங்கே மக்லியொட் ஆஸ்பத்திரியைத் திறந்தது. வெர்மொன்ற் மாநிலத்தவரான மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் அதற்காகக் கடல் கடந்து பணம் திரட்டினார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்னே மானிப்பாயில் அதே மிஷனைச் சேர்ந்த டொக்டர் கிறீன் மருத்துவம் படிப்பித்தபோது மாணவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரி வேலைக்குள் நுழைந்தது தாதித் தொழில் வழியாகத்தான். மருதனார்மடத்திலேயே 1913இல் இராமநாதன் பெண்கள் கல்லூரி எழுந்தது; படித்த பெண்கள் வேலைக்குப் போவது அப்புறம் அவ்வளவு புதுமையாகப் படவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதியே எல்லாவற்றையும் பார்த்தாள். முட்டு வருத்தக்காரரை நிமிர்த்தி உட்கார வைப்பதும் அவள், ஒட்சிசன் சிலிண்டரின் முள்ளைக் கவனிப்பதும் அவள். மூச்சுக்கென்று வேறொருவர் தேவை என்ற எண்ணமே இங்கே இருக்கவில்லை.

அந்த எண்ணம் வளர்ந்தது வட அமெரிக்காவில். சிலிண்டர் உருட்டியவர்களும் ஒட்சிசன் கூடாரம் கட்டியவர்களும் 1940களில் சிக்காகோவில் சங்கமாகத் திரண்டார்கள். இதற்கிடையே ஐரோப்பாவில், 1952இல் கொப்பன்ஹேகனைப் போலியோ தாக்கியபோது, பிளெக்டம் ஆஸ்பத்திரியில் இருந்த இரும்பு நுரையீரல் ஒன்றே ஒன்று. முதல் மூன்று வாரத்தில், மூச்சுத் தசை செயலிழந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கச் சொன்னார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக அமுக்கினார்கள். அந்தக் கைகளின் வேலையைப் பிறகு வென்டிலேற்றர் எடுத்துக்கொண்டது. வென்டிலேற்றரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! அமெரிக்காவும் கனடாவும் அதைத் தனித் தொழிலாக்கின. பிரித்தானியா ஆக்கவில்லை, மயக்கமருந்து வைத்தியர், தாதி, இயன்மருத்துவர் மூவரிடமும் பகிர்ந்து விட்டது. இலங்கை ஆஸ்பத்திரிகள் பிரித்தானிய வழியில் வளர்ந்தவை. ஆகவே யாழ்ப்பாணத்து ஐ.சி.யு.வில் சளி உறிஞ்சும் குழாயும் அலாரமும் இன்றைக்கும் நேர்சின் பொறுப்பில்தான்.

இரண்டில் எந்தத் தொழிலைப் படிப்பது என்ற கேள்வி இங்கிருந்து போனவர்களின் வீடுகளில் எழுகிறது. ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு கதவுகள்: நாலு வருட நேர்சிங் பட்டம், அல்லது மிச்செனர் போன்ற நிறுவனத்தில் மூன்று வருடச் சுவாச சிகிச்சை டிப்ளோமா. முதலாவதில் பிரசவ வார்ட்டிலிருந்து பள்ளிக்கூடச் சுகாதாரம் வரை மாறிப் போகலாம். பன்னிரண்டு மணித்தியாலமும் அதே நோயாளிகளோடு நிற்கவும் வேண்டும். சுவாச சிகிச்சையாளரோ குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழாய், அவசரப் பிரிவு, ஐ.சி.யு. என்று வார்ட் வார்ட்டாக ஓடுவார். இயந்திரத்தில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இரண்டாவதே பொருத்தம். ஊரிலுள்ள அம்மம்மாவைக் கேட்டால் மட்டும் நேர்சிங் என்றுதான் சொல்வார். மற்ற வேலையைச் செய்பவரை அவர் கண்டதேயில்லை.

அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஊர் திரும்ப நினைக்கும் பிள்ளைக்கு நேர்சிங் பட்டத்தை வைத்து இங்கே கேட்க ஒரு வேலையாவது உண்டு. சுவாச சிகிச்சையாளர் என்ற பதவியே இங்கத்தைய ஆஸ்பத்திரிகளில் இல்லை.