மரத்தூள் முதல் கறுப்பு உறை வரை



கம்பளி வெப்பத்தைத் தருகிறது என்றே பல மாணவர்கள் எண்ணுகின்றனர். கம்பளி எதையும் தருவதில்லை. நம் உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது, அவ்வளவே. இவ்வுண்மையை விளக்க நம் சிங்கப்பூரின் வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டியெடுத்துக் கப்பலேற்றினார். 1833-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு அனுப்பிய சுமார் 180 டன்னில், நான்கு மாதக் கடற்பயணத்திற்குப் பின் ஏறத்தாழ 100 டன் கரைசேர்ந்தது. வெப்ப மண்டலக் கடலைக் கடந்தும் அது கரைந்து போகாததற்குக் காரணம் எந்த இயந்திரமும் அன்று. மரம் அறுக்கும் ஆலைகளில் கழிவாகிய மரத்தூளும், நெருக்கமாக அடுக்கும் முறையுமே காரணம். தூளின் இடையில் சிறைப்பட்ட காற்று, வெப்பம் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்தியது.

சென்னைக் கடற்கரையில் 1842-ஆம் ஆண்டளவில் இப்பனிக்கட்டிக்கென ஒரு கிடங்கு எழுந்தது. பனி வணிகம் மறைந்தபின்பும் அவ்வட்டாரத்தை மக்கள் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர். 1897-இல் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். சிங்கப்பூரிலும் வாம்போவா எனப்பட்ட ஹூ ஆ கே 1854-இல் ஆற்றங்கரையருகே பனிக்கிடங்கு அமைத்தார். அவ்வணிகம் நெடுநாள் நிலைக்கவில்லை. அக்கட்டடமும் 1981-இல் சாலை விரிவாக்கத்திற்காக இடிக்கப்பட்டது.

கிடங்கு மறைந்தது, பாடம் மறையவில்லை. தேக்கா சந்தையில் மீன் வரும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியைப் பாருங்கள். மரத்தூள் செய்த வேலையை அதிலுள்ள காற்றுக்குமிழ்கள் செய்கின்றன. வீவக வீடுகளின் வெளிச்சுவரில் உள்ள குளிர்சாதனக் கருவியிலிருந்து அறைக்கு வரும் குழாய்களைச் சுற்றியுள்ள கறுப்பு நுரை உறையும் அத்தகையதே. மரீனா பே வட்டாரத்தில் 2006 முதல் நிலத்தடிக் குழாய்கள் வழியே பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் செல்கிறது. அங்கும் உறையில்லாமல் பணி நடவாது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் வெப்ப ஏற்றிகளின் வெளிக்குழாய்களுக்கு உறையிடுவதும் இதே விதிப்படியே. அங்கே வெப்பம் வெளியேறக் கூடாது. இங்கே உட்புகக் கூடாது.

நம் காற்றில் ஈரம் மிகுதி. உறை கிழிந்த குளிர்க்குழாயின்மீது அந்த ஈரம் நீராகப் படிந்து சொட்டும், சுவர் கறைபடும். நனைந்த உறை வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலையும் இழக்கும். காற்றிருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்வதே அதற்குக் காரணம். மரத்தூளை உலர்வாக வைத்திருக்க வேண்டியிருந்ததும் அதனால்தான். உறை பழுதானால் அதே குளிர்ச்சிக்குக் கருவி கூடுதலாக உழைக்கும், மின்கட்டணம் உயரும். புதிய கருவி வாங்குமுன் பழைய உறையைப் பார்ப்பது நலம்.

வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். ஒரே அளவுள்ள இரு பனிக்கட்டிகளில் ஒன்றைக் கம்பளித் துணியால் நன்கு சுற்றுங்கள். மற்றதைத் திறந்து வையுங்கள். எது முதலில் உருகும் என்று பிள்ளைகளை முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். சுற்றியதே முதலில் உருகும் எனப் பலர் எழுதுவர். விடையை ஆசிரியர் கூற வேண்டாம், பனிக்கட்டியே கூறட்டும்.