கான்பான் அட்டையிலிருந்து கணினித் திரை வரை: தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த கொள்முதல் வரலாறு



காய்கறிக் கடையிலும் டீக்கடையிலும் பணம் கட்டுவதற்கு நாம் செல்போனைக் காட்டுகிறோமே, அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம், க்யூஆர் கோடு, அது பணம் கட்டுவதற்காகப் பிறந்ததல்ல. கார் தொழிற்சாலைக்கு வரும் உதிரிபாகப் பெட்டிகளைக் கணக்கு வைப்பதற்காகப் பிறந்தது. 1994-ஆம் ஆண்டு ஜப்பானில், டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனத்தில், மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவருடைய சிறு குழுவும் அதை உருவாக்கினார்கள். அதன் கதையைப் பிடித்துக்கொண்டு போனால், கம்பெனிகள் பொருள் வாங்கும் முறை எப்படி மாறியது என்ற வரலாறு கிடைக்கிறது. உங்களில் பலர் ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளில் இருக்கிறீர்கள். சிலர் பர்ச்சேஸ் பிரிவிலேயே இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கான்பான். 1950-களில் டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியை மறுபடி நிரப்புகிறார்கள். தொழிற்சாலையிலும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார். பாகங்கள் வரும் பெட்டியோடு ஓர் அட்டை வரும். பாகம் செலவானதும் அட்டை திரும்பிப் போகும். அட்டை போனால்தான் அடுத்த பெட்டி வரும். அந்த அட்டைக்குத்தான் கான்பான் என்று பெயர். கிடங்கில் மாதக்கணக்கில் சரக்கை அடுக்கி, அதில் பணத்தை முடக்க வேண்டியதில்லை.

பின்னால் அந்த அட்டையில் பார்கோடு வந்தது. பார்கோடில் ஏறக்குறைய 20 எழுத்துகள்தான் அடங்கும். கார் வகைகள் பெருகப் பெருக, ஒரே பெட்டிக்குப் பல பார்கோடுகளைப் படிக்க வேண்டியதாயிற்று. தொழிலாளர்கள் அலுத்துப்போனார்கள். அந்த அலுப்பைத் தீர்க்க ஹாரா கண்டுபிடித்ததுதான் க்யூஆர் கோடு. 7,000 எண்கள் வரை அதில் அடங்கும். டென்சோ காப்புரிமையை வைத்திருந்தும், உரிமை கேட்டு யாரையும் தடுக்கவில்லை. அதனால்தான் அது நம் ஊர் டீக்கடை வரை வந்தது.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. கையிருப்பு குறைவு என்றால், ஓர் இடத்தில் தடை வந்தாலும் எல்லாம் நின்றுவிடும். 1997 பிப்ரவரி 1 அன்று அது நடந்தது. காரியா நகரில் இருந்த ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. பிரேக்கில் அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சிறிய வால்வு அங்கே தயாரானது. டொயோட்டாவுக்குத் தேவையான அந்த வால்வில் 99 சதவீதம் அந்த ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. சில நாட்களில் ஜப்பானில் டொயோட்டாவின் கார் உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் நின்றது.

அப்போது கைகொடுத்தது எது? சுமார் 200 கம்பெனிகள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு, தங்களிடம் இருந்த இயந்திரங்களில் அந்த வால்வைச் செய்ய முன்வந்தன. அவற்றில் தையல் இயந்திரத்துக்குப் பேர் போன பிரதர் கம்பெனியும் ஒன்று. விலை என்ன, லாபம் என்ன என்ற பேச்சையெல்லாம் பின்னால் வைத்துக்கொண்டார்கள். சுமார் ஒரு வாரத்தில் கார்கள் மறுபடி ஓடிவரத் தொடங்கின. பல ஆண்டுப் பழக்கமும் நம்பிக்கையும் செய்த வேலை அது.

மூன்று ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் வேறொரு தீ. 2000 மார்ச் 17 அன்று நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலையில், மின்னல் தாக்கி மின்சாரம் தடுமாறியதில் நெருப்புப் பிடித்தது. பத்து நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசி துளியும் இருக்கக் கூடாத அறைகளில் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன் இரண்டுமே அங்கே சிப் வாங்கிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் ஒரே செய்திதான் போனது: ஒரு வாரம் தாமதமாகும்.

நோக்கியாவில் கணினித் திரையில் வரவுக் கணக்கு ஒத்துவரவில்லை என்பதை உடனே கவனித்தார்கள். அந்த சிப்களைத் தனிப் பட்டியலில் போட்டு, தினமும் விசாரித்தார்கள். நிலைமை மோசம் என்று தெரிந்ததும் மேலதிகாரிகளே பிலிப்ஸின் தலைமையிடம் போய் நின்றார்கள். பிலிப்ஸின் மற்ற தொழிற்சாலைகளிலிருந்தும் வேறு நாட்டு நிறுவனங்களிடமிருந்தும் சிப் தேடினார்கள். எரிக்சனில் அந்த வேகம் இல்லை. சில சிப்களுக்கு அவர்களிடம் வேறு வழியே இல்லை. 40 கோடி டாலர் அளவுக்கு விற்பனையை இழந்ததாகக் கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டே எரிக்சன் தன் செல்போன் தொழிலைச் சோனியோடு சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கிவிட்டது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் இந்தத் தீயும் ஒன்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கணினி காட்டிய எண் பொருந்தவில்லை என்றதும் "ஏன்?" என்று கேட்டு, கேட்டதை மேலே வரை கொண்டுபோன மனிதர்கள்தான் இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம்.

அடுத்தது 2011 மார்ச் 11. வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கம், பிறகு சுனாமி. டொயோட்டாவுக்குச் சுமார் 500 பாகங்கள் சிக்கலில் மாட்டின. எந்தெந்தப் பாகம் என்று கண்டறிவதே பெரும்பாடாக இருந்தது. நேரடியாகப் பாகம் தரும் கம்பெனிகளை அவர்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிகளுக்குப் பொருள் தருபவர் யார், அவருக்கு மேல் யார் என்று முழுமையாகத் தெரியாது. நம் வீட்டுத் திருமணப் பந்திக்குச் சமையல்காரரைத் தெரியும், அவருக்கு மளிகை தருபவரைத் தெரியாது என்பது போல. படிப்படியாக விரிந்துகொண்டே போகும் என்று நினைத்த சங்கிலி, அடியில் மறுபடி சுருங்கி ஒரே கம்பெனியில் போய் முடிந்தது. வெவ்வேறு ஆட்களிடம் வாங்கியும், எல்லோருக்கும் மூலம் ஒன்றாக இருந்தது.

இதற்கு இரண்டு உதாரணங்கள். இபராக்கி மாகாணத்தில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா தொழிற்சாலை கார்களுக்கான சிப்களைச் செய்துவந்தது. அது சேதமானதும் பல கார் கம்பெனிகள் ஒன்றுகூடி ஆட்களை அனுப்பின. நாளொன்றுக்கு 2,500 பேர் வரை வேலை செய்து, ஜூன் மாதம் மறுபடி ஓடவைத்தார்கள். இன்னொன்று வண்ணம். காருக்குப் பளபளப்பு தரும் ஒரு நிறமி புகுஷிமா மாகாணத்தில் மெர்க் நிறுவனத்தின் ஒரே ஆலையில்தான் தயாரானது. அது நின்றதும் அமெரிக்காவில் ஃபோர்டு சில நிறங்களில் கார் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவைத்தது.

இதன் பிறகுதான் டொயோட்டா 'ரெஸ்க்யூ' என்ற கணினி அமைப்பை உருவாக்கியது. எந்தப் பாகம், எந்தப் பொருளிலிருந்து, எந்த ஊரில், யாருடைய ஆலையில் செய்யப்படுகிறது என்று அடிமட்டம் வரை பதிவு செய்தார்கள். சுமார் 6,50,000 இடங்களின் விவரம் அதில் சேர்ந்தது. நிலநடுக்கம் வந்தால் அந்தப் பகுதியில் இருக்கும் ஆலைகள் எவை, அவற்றால் பாதிக்கும் பாகங்கள் எவை என்று விரைவில் பார்க்கலாம்.

கணினி நிரல் எழுதுவதோடு அந்த வேலை முடியவில்லை. விவரம் வாங்குவது கடினமாக இருந்தது. சிறிய சப்ளையர்கள் தயங்கினார்கள். "எனக்குப் பொருள் தருபவர் யார் என்று சொன்னால், நாளைக்கு என்னைத் தாண்டி அவரிடமே போய்விட மாட்டார்களா? என் விலையைக் குறைக்கச் சொல்ல மாட்டார்களா?" என்ற பயம். நியாயமான பயம்தான். அந்த விவரத்தை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி தந்து, நம்பவைத்துத்தான் பட்டியலை நிரப்ப முடிந்தது.

ஆபத்து எங்கே என்று தெரிந்ததால் சிப் விஷயத்தில் பழைய கொள்கையையும் தளர்த்தினார்கள். இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான சிப்களைக் கையிருப்பில் வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டார்கள். கையிருப்பே வேண்டாம் என்று உலகுக்குச் சொல்லித்தந்த கம்பெனி இது! 2021 தொடக்கத்தில் சிப் கிடைக்காமல் பல பெரிய கார் கம்பெனிகள் லைன்களை நிறுத்தியபோது டொயோட்டா ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தட்டுப்பாடு நீண்டது. தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவி ஆலைகள் நின்றன. அந்த ஆண்டு செப்டம்பரில் டொயோட்டாவும் உலக உற்பத்தியை 40 சதவீதம் குறைத்தது. நல்ல பட்டியல் அவகாசம் தரும். இல்லாத பொருளைக் கொண்டுவந்து தராது.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் தொழிற்சாலைகளும் நின்றன. நிலநடுக்கம் இல்லை, தீ இல்லை. பாகங்களுக்கு ஆர்டர் போடும் கணினியில் பராமரிப்பு வேலை செய்தபோது டிஸ்கில் இடம் போதவில்லை. மாற்று ஏற்பாடாக இருந்த கணினியும் அதே அமைப்பில் இருந்ததால் கைகொடுக்கவில்லை. ஒரே ஆலையை நம்பாதே என்று தீயும் நிலநடுக்கமும் சொன்ன பாடத்தைக் கணினியும் சொல்லிவிட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். கணினிக்கு நாம் முன்கூட்டிச் சொன்னதுதான் தெரியும். பேரிடர் நாளில் கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. நல்ல நாளில் கேட்டு எழுதி வைத்திருந்தால் இருக்கும். அதை எழுத வேண்டியவர் சப்ளையர். விலையைக் கசக்கிப் பிழிந்து, பில் பணத்தை இழுத்தடிக்கும் கம்பெனிக்கு எந்தச் சப்ளையர் மனம் திறந்து உண்மை சொல்வார்? பொருள் வராமல் லைன் நின்றால் மேலாளருக்குச் சம்பளம் வந்துவிடும். முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது ஒப்பந்தத் தொழிலாளிதான். அதனால் இது வெறும் அலுவலகக் கணக்கு அல்ல, பல வீட்டு அடுப்பு சம்பந்தப்பட்டது.

பர்ச்சேஸில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் வாங்கும் பாகங்களில், நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்ற ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் சப்ளையரின் சப்ளையர் யார், எந்த ஊர் என்று எழுதிப் பாருங்கள். எத்தனைக்கு விடை தெரிந்தது என்று கீழே எழுதுங்கள். மதிப்பெண் போட மாட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்