பேராக்கில் சிறார் நீதியும் ஆசிரியர் சம்பளமும்

செமோர், பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள சிறுநகரம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்பவருக்கு யார் சம்பளம் தருவது, அதே பிள்ளை போலீஸ் கையில் சிக்கினால் யார் விசாரிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஈப்போவில் உள்ள மாநிலச் சட்டமன்றத்தில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் அட்டவணைப்படி கல்வியும் குற்றவியல் சட்டமும் கூட்டரசுப் பட்டியலைச் சேர்ந்தவை. சிறார் பாதுகாப்பு மட்டும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதிலும் மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்தோடு முரண்பட்டால் கூட்டரசுச் சட்டமே நிற்கும்.

தோட்டப் பள்ளி பிறந்ததே தொழிலாளர் சட்டத்தில்தான். பேராக் அன்று மலாய் ஐக்கிய மாநிலங்களில் ஒன்று. அங்கு நடப்புக்கு வந்த 1912, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தின. ஆசிரியர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை காட்டப்படவில்லை. பல இடங்களில் கங்காணியோ, கிராணியோ, எழுத்துத் தெரிந்த ஒரு தொழிலாளியோ பாடம் நடத்தினார். சம்பளம் தோட்டத் துரையின் செலவுக் கணக்கில் எழுதப்பட்டது. பிள்ளையின் படிப்பு, மருந்துக்கும் லயத்து வீட்டுக்கும் அடுத்த ஒரு தோட்டச் செலவாகவே வைக்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட நெடுநாள் அநீதி அது.

ரசாக் அறிக்கையை (1956) ஒட்டி வந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் படிப்படியாக அரசுச் சம்பளத்துக்கு வந்தார்கள். அந்தச் சம்பளமும் கேட்டவுடன் கிடைத்ததல்ல. 1967 நவம்பர் 28 முதல் 30 வரை தேசிய ஆசிரியர் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது. ஆண், பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. அதையடுத்து அமைந்த அசிஸ் ஆணையம் ஆசிரியர் சம்பளத்தை மாற்றி அமைத்தது. 2024 டிசம்பர் 1 முதல் பொதுச்சேவைச் சம்பள முறை மீண்டும் மாறியது. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க நிலையான டிஜி 41, டிஜி 9 ஆனது. பெரும்பாலான அரசு ஊழியர்களுக்கு முதற்கட்டத்தில் 8 விழுக்காடும், 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் உயர்வு அறிவிக்கப்பட்டது. இன்று செமோர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் கோலாலம்பூர் தேசியப் பள்ளி ஆசிரியரும் ஒரே சம்பள அட்டவணையில் இருக்கிறார்கள். கட்டடத்தில்தான் இன்னும் சமம் வரவில்லை. நிலம் தோட்டத்துக்குச் சொந்தமாக இருப்பதால் பகுதி உதவி பெறும் பள்ளியாகவே நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் பல. அங்கே ஆசிரியருக்கு அரசு சம்பளம் தரும், கூரை ஒழுகினால் பள்ளி வாரியம் நன்கொடை திரட்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிறார் நீதிக்கு முதலில் இருந்தது 1947ஆம் ஆண்டுச் சிறார் நீதிமன்றச் சட்டம். மலேசியா 1995இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. பின்னர் வந்த 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் (சட்டம் 611) 2002 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. அதன்படி 18 வயதுக்கு உட்பட்டவர் சிறார். விசாரணையில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணைக்குப் பொதுமக்கள் வர முடியாது, பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. குற்றத்தீர்ப்பு, தண்டனை என்ற சொற்களையே சட்டம் சிறாருக்குத் தவிர்க்கச் சொல்கிறது. எச்சரித்து விடுவது, நன்னடத்தைக் கண்காணிப்பு, சீர்திருத்தப் பள்ளி, சிறைத்துறையின் ஹென்றி கர்னி பள்ளி என ஆணைகள் பலவகை. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சமூகச் சேவை ஆணையையும் சேர்த்தது.

இச்சட்டத்தின் கடுமையான இடம் 97ஆம் பிரிவு. சிறாருக்குத் தூக்குத் தண்டனை இல்லை. அதற்குப் பதிலாக ஆட்சியாளரின் விருப்பத்துக்கு உட்பட்ட காவல் உண்டு. பேராக்கில் குற்றம் நடந்திருந்தால் அந்த ஆட்சியாளர் பேராக் சுல்தான். 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தக் காவல் நீதிமன்றத்தின் அதிகாரத்தை நிர்வாகத்திடம் கொடுப்பதாகச் சொல்லி, 12 வயதில் குற்றம் செய்த ஒரு சிறுவனை விடுவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. காவலில் இருப்பவரின் நிலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மறுஆய்வு செய்யப்படுகிறது. ஆனாலும் விடுதலை நாள் தெரியாமல் ஒரு பிள்ளையை அடைத்து வைப்பது தவறு. காலவரை குறித்த காவலாக அது மாற வேண்டும்.

ஆசிரியருக்கும் இச்சட்டத்தில் இடம் உண்டு. ஆணை பிறப்பிக்கும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்க்க வேண்டும். பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், உடல்நலம் ஆகியவற்றோடு பள்ளிப் பதிவும் அதில் இருக்கும். துரையின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக இருந்த ஆசிரியர், இன்று அந்தப் பதிவின் மூலம் ஒரு பிள்ளைக்காகப் பேசக்கூடியவர். பிள்ளை பிடிபட்டதாகச் செய்தி வந்தால் பெற்றோர் வெட்கப்பட்டு ஒதுங்காமல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வகுப்பாசிரியரிடமும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களே, "ஒழுங்கற்றவன்" என்று ஒரே சொல்லில் பதிவை முடித்துவிடாதீர்கள். அவன் எதில் கெட்டிக்காரன், எந்த மாதத்திலிருந்து வரவு குறைந்தது, வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.