ஈரப்பலா: வளர்ப்பு வரலாறு

ஈரப்பலா பலாவின் பேரினத்தைச் சேர்ந்த மரம். தமிழ்நாட்டில் சீமைப்பலா, கறிப்பலா என்பார்கள். தாவர நூல்கள் இதைப் பழ மரங்களோடு சேர்த்தாலும், பசிபிக் தீவுகளில் இதற்கு நம்மூர்ச் சோற்றின் இடம். முற்றிய காயை முழுதாகத் தணலில் இட்டு, தோல் கருகியதும் சிப்பியால் சுரண்டிவிட்டு, உள்ளிருக்கும் வெண்மையான மாச்சதையை உண்பது அங்கு பழைய வழக்கம். உழவும் ஆண்டுதோறும் நடவும் இல்லாமல் பல பத்தாண்டுகள் காய்ப்பதால், 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணிகள் இதைப் பாடுபடாமல் கிடைக்கும் உணவு என்று வியந்து எழுதினார்கள். பிற்காலக் கலைக்களஞ்சியங்களும் அதையே திருப்பிச் சொல்லி வந்தன. கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வியப்பு பாதி உண்மைதான். மரம் மட்டும் போய்ச் சேர்ந்த இடங்களில் அது மரமாகவே நின்றது. ஊடுபயிர், சேமிப்பு, நிலத்தின் மேல் நம்பிக்கை ஆகியவை கூடவே இருந்த இடங்களில்தான் அது ஊரின் அன்றாட உணவானது.

இதன் காட்டு மூதாதை நியூகினி, மலுக்கு தீவுப் பகுதிகளில் வளரும் விதையுள்ள ஓர் உறவு மரம் என்று 2004இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மைக்ரோனீசிய வகைகளில் மரியானா தீவுகளின் வேறொரு காட்டு இனமும் கலந்திருக்கிறது. முதலில் எங்கே, எந்தக் காலத்தில் வளர்ப்புக்கு வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிழக்கே போகப் போக வகைகளில் விதை குறைந்து, பாலினீசியாவின் கிழக்குத் தீவுகளில் பெரும்பாலும் விதையே இல்லை. விதையற்ற மரம் தானாகக் கடல் கடக்காது. வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளை யாரோ படகில் ஈரம் காயாமல் காத்துக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

தீவுகளில் உருவான வளர்ப்பு முறையைத் தோப்பு என்பதைவிடக் கலப்புத் தோட்டம் என்பதே பொருந்தும். பொன்பெய் தீவில் வள்ளிக்கொடிகளை ஈரப்பலா மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நிழலுக்கும் கொழுகொம்புக்கும் ஒரே மரம், உதிரும் பெரிய இலைகளே மண்ணுக்கு மூடாக்கு. ஹவாய் தீவின் கோனா மலைச்சரிவில் கடலுக்கு இணையாக நீண்ட ஒரு பட்டையில் மரங்களை இடைவெளி விட்டு நட்டு, நடுவே சர்க்கரைவள்ளியும் பட்டைத்துணி செய்யப் பயன்படும் செடியும் வளர்த்தார்கள். 1790களில் அதைப் பார்த்த தாவரவியலாளர் ஆர்ச்சிபால்ட் மென்சீஸின் குறிப்புகள் இன்றும் முதன்மைச் சான்று. இம்மரம் பருவத்தில் மட்டுமே கொட்டிக் காய்க்கும். பறித்த காய் சில நாளில் கனிந்து அழுகும். அதற்கு விடையாக மார்க்கெசாஸ் முதலிய தீவுகளில் நிலத்தில் குழி தோண்டி, உட்புறம் இலை பரப்பி, உரித்த சதையை நிரப்பி, மேலே கல் ஏற்றிப் புளிக்க வைத்தார்கள். இலையை அவ்வப்போது மாற்றினால் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. புயலுக்கும் வறட்சிக்கும் அதுவே ஊரின் களஞ்சியம். பாடுபடாமல் கிடைக்கும் உணவு என்ற எண்ணத்துக்கு இக்குழிகளைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

இம்மரத்தின் வரலாற்றில் 1787 முதல் 1793 வரையான ஆறு ஆண்டுகளுக்கு மட்டும் பதிவுகள் மலைபோல் குவிந்துள்ளன. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கான உணவில் ஒரு பகுதி வட அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்க விடுதலைப் போர் அந்த வரவை நிறுத்தியது. தொடர்ந்து சூறாவளிகள் தாக்கின. 1780 முதல் 1787 வரை ஜமைக்காவில் 15,000 அடிமைகள் மாண்டதாக அத்தீவின் சட்டமன்றம் கணக்குக் காட்டியது. அமெரிக்க வணிகத்தை மீண்டும் திறக்கக் கோரிய வாதத்தின் பகுதி என்பதால் அந்த எண்ணைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். அடிமைகளின் உணவுக்கு ஈரப்பலாவைக் கொண்டுவர வேண்டும் என்ற தோட்ட முதலாளிகளின் கோரிக்கையைத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் முன்னெடுக்க, 1787 டிசம்பரில் வில்லியம் பிளை தலைமையில் பவுன்ட்டி கப்பல் தாஹித்திக்குப் புறப்பட்டது. தலைவனுக்குரிய பெரிய அறையே நாற்றங்காலானது. தரையில் ஈயத் தகடு விரித்து, தொட்டிகளிலிருந்து வடியும் நீரைக் குழாய் வழியே கீழே பீப்பாய்களில் பிடித்து மறுபடி ஊற்ற வழி செய்திருந்தார்கள். தாஹித்தியில் கன்றுகள் வேர் பிடிக்க ஐந்து மாதத்துக்கு மேல் தங்கினார்கள். 1,015 கன்றுகளோடு கிளம்பிய கப்பலில் 1789 ஏப்ரல் 28 அன்று கலகம் மூண்டது. கன்றுகள் கடலில் வீசப்பட்டன. கலகம் குறித்து நூலகமே எழுதப்பட்டிருக்கிறது, கன்றுகளைப் பேணிய தோட்டக்காரர் டேவிட் நெல்சனைப் பற்றியோ சில வரிகள்தான். பிளையோடு திறந்த படகில் தப்பி வந்த அவர் திமோர் தீவில் காய்ச்சலில் இறந்தார். பிளை 1791இல் பிராவிடென்ஸ் கப்பலில் மறுபடி சென்று, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளை ஏற்றினார். வழியில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வந்தபோது கன்றுகளுக்கே முதலிடம். அக்கப்பலில் பயின்ற மாத்யூ ஃபிளிண்டர்ஸ், செடிகளுக்குப் போகும் நீரில் படிகளில் சிந்திய துளிகளை மாலுமிகள் நக்கியதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1793 ஜனவரியில் செயின்ட் வின்சென்ட், பிப்ரவரியில் ஜமைக்கா என்று கன்றுகள் கரை சேர்ந்தன. பிரெஞ்சுக்காரர்களும் ஏறக்குறைய இதே காலத்தில் தங்கள் குடியேற்றங்களுக்கு இதைக் கொண்டுபோனார்கள்.

மரங்கள் செழித்தன, மக்கள் உண்டார்களா என்பதில்தான் வழக்கு. அடிமைகள் இதை வெறுத்துப் பன்றிக்குப் போட்டார்கள் என்பது பல நூல்கள் சொல்லும் செய்தி. சுவை பிடிக்கவில்லை என்ற விளக்கத்தை முழுதாகத் தள்ள முடியாது. பழகிய வாழைக்காயும் வள்ளியும் இருக்க, புதுக் காயை நாக்கு எளிதில் ஏற்காது. ஆனால் சுவைதான் காரணம் என்றால், அதே மக்களின் வழிவந்தோர் இன்று ஜமைக்காவில் இதை விரும்பிச் சுட்டுத் தின்பதற்கு விடை வேண்டும். கடினமான வேலைக்குப் பின் கிடைத்த நேரத்தில் தாங்களே பயிரிட்ட சிறு நிலங்களில் வள்ளியும் வாழையும் வைத்து, மிச்சத்தைச் சந்தையில் விற்றவர்கள் அந்த அடிமைகள். நாளை வேறு தோட்டத்துக்கு விற்கப்படலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு, சில மாதத்தில் பலன் தரும் பயிரே அறிவான தேர்வு. காய்க்கவே சில ஆண்டுகள் பிடிக்கும் மரம் அல்ல. முதலாளி நட்ட மரம் முதலாளியின் செலவைக் குறைக்க வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1838இல் முழு விடுதலை வந்து, உழவர்கள் தமக்கென வீடும் மனையும் தேடிக்கொண்ட பிறகே ஈரப்பலா வீட்டுத் தோட்ட மரமானதாகத் தோன்றுகிறது. விடுதலைக்கு முன்பே சிலர் உண்டதற்குக் குறிப்புகள் உள்ளதால் இதைக் கறாரான எல்லைக்கோடாகக் கொள்ள வேண்டியதில்லை.

இலங்கைக்கு இதை டச்சுக்காரர் கொண்டுவந்தனர் என்பது பொதுவான கருத்து. ஈரவலய வீட்டுத் தோட்டங்களில் பலா, தென்னை, கமுகு, மிளகுக்கொடிகளோடு கலந்து நிற்கும் இம்மரத்தின் காயைத் தேங்காய்ப்பாலில் கறி வைப்பார்கள். தமிழ்நாட்டில் மழை மிகுந்த மலையடிவாரங்களோடு இதன் வளர்ப்பு நின்றுவிட்டது.

20ஆம் நூற்றாண்டில் இறக்குமதி அரிசியும் கோதுமை மாவும் பசிபிக் தீவுகளில் இதன் இடத்தைப் பிடித்தன. பல வகைகளின் பெயர்கூட மறைந்தது. ஹவாயில் 2003இல் அமைந்த ஈரப்பலா ஆய்வு நிறுவனம், மாவி தீவின் கஹானு தோட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளைக் காத்து வருகிறது. திசு வளர்ப்பு முறை கைகூடியதால் கன்றுகள் இப்போது பல வெப்பமண்டல நாடுகளுக்குப் போகின்றன. காயை உலர்த்தி மாவாக்கும் சிறு ஆலைகளும் சில இடங்களில் தொடங்கியுள்ளன; குழிகள் செய்துவந்த வேலையை இனி அவை செய்ய வேண்டும். அப்படிப் போன கன்றுகளில் எத்தனை ஊடுபயிரோடு நடப்பட்டன, எத்தனை வீடுகளில் அதன் காய் அன்றாட உணவானது என்பதே இனி எழுதப்படும் வரலாறுகளில் இடம்பெற வேண்டிய கணக்கு.