பொன்னுக்குக் காவல், உயிருக்கு நஷ்டஈடு

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் கால்பதித்த நாள்முதல், வட ஆற்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குழியில் இறங்கிய தமிழ் மக்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர், பூமிக்கடியில் எத்தகைய அபாயங்களுக்கு ஆளாவார்கள் என்பதைக் காட்டிலும், மேலே ஏறி வரும்போது எதை ஒளித்துக்கொண்டு வருவார்கள் என்பதே நிர்வாகத்தாருக்குப் பெருங்கவலையாக இருந்தது. அக்கவலையின் பயனாகத் தோன்றியதே 'வாட்ச் அண்ட் வார்டு' என்னும் காவற்படை.

தங்கவயல் அடங்கியிருந்த மைசூர் சமஸ்தானமும் அக்கவலையைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது. 1897இல் இயற்றப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி, பொன் கலந்த கல்லோ, ரசக்கலவையோ, ஸ்பாஞ்சுத் தங்கமோ ஒருவனிடம் அகப்பட்டு, அது தன் கைக்கு வந்த விதத்தை அவன் திருப்திகரமாக விளக்க இயலாவிடின், அதுவே குற்றம். நிரூபிக்கும் பாரம் சர்க்காருடையதன்று, அகப்பட்டவனுடையதே. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவுசெய்ய முற்பட்டபோது, 'நாங்கள் என்ன கேடிகளா?' என்று சுரங்கம் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியதில் வியப்பில்லை.

இனி மறுபக்கம். தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அவ்வளவு பாரத்தைத் தாங்கும் பாறை, கீழே வெற்றிடம் பெருகப் பெருக, யாதொரு முன்னறிவிப்புமின்றி வெடித்துச் சிதறும். துரைமார் முதலில் இதை 'ஏர் பிளாஸ்ட்' என்றனர், பின்வந்தோர் 'ராக் பர்ஸ்ட்' என்றனர். மரத்தூண்களை விட்டுக் கருங்கல் அடுக்கிக் கூரையைத் தாங்கச் செய்ததும், அதிர்வை அளக்கக் கருவி அமைத்ததும் இந்த அபாயத்தை உத்தேசித்தே. அம்முயற்சிகளை நான் குறைத்துக் கூறேன். ஆனால், ஓரிடத்தில் தாங்கு சுவர் எழுப்பத் தாமதித்ததற்காகவோ, அபாயமென்று தெரிந்த இடத்துக்கு ஆளை அனுப்பியதற்காகவோ பொறுப்பாளி இன்னாரென்று விரல் சுட்டுவது களவுக் கேஸைப்போல் எளிதாயிருந்ததில்லை. பாறையின் செயலென்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1923இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. மைசூரும் பின்னர் அவ்வழியே சென்றது. எஜமானனின் குற்றத்தை நிரூபிக்காமலேயே பணம் கிடைக்கச் செய்தது அச்சட்டத்தின் கருணை. அக்கருணைக்குள்ளேயே ஒரு தந்திரமும் அடங்கியிருந்தது: குற்றத்தைப் பற்றிய விசாரணையே அவசியமற்றுப்போய், ஒரு பிராணனின் விலை அவன் வாங்கிய கூலியைக் கொண்டு கணக்கிடப்படும் வெறும் வரவுசெலவாயிற்று. காயமுற்றவன் பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினானென்று காட்டிவிட்டால், மரணம் நேராதவிடத்து அப்பணமும் தரவேண்டியதில்லை.

துளை போடுகையில் எழுந்த கல்தூசி இவ்வனைத்தினும் கொடியது. 1947இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தங்கவயல் தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினருக்கு சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருந்தது. மடியைத் தடவிப் பார்த்த காவலனுக்கு மார்புக்குள் அகப்பட்டிருந்த தூசி எங்ஙனம் தென்படும்? அதைத் தேடும்படி அவனுக்கு உத்தரவும் இல்லை.

1956இல் சுரங்கங்கள் சர்க்கார் வசமாயின. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமோ, விதிமீறலால் உயிர் போயின் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. அது எவ்வாறு செயற்பட்டதென்பதற்குச் சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கமே சாட்சி: 1975இல் 375 பேர் நீரில் மூழ்கி மாண்டனர், 2012இல்தான் அதிகாரிகள் இருவருக்கு ஓராண்டுச் சிறையும் ஐயாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன.

2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் மரணத்துக்கான அபராதம் ஐந்து லட்சத்துக்குக் குறையாதென்றும், அதில் பாதிக்குக் குறையாத தொகையை வாரிசுகளுக்கு அளிக்க நீதிமன்றம் உத்தரவிடலாமென்றும் கூறப்பட்டுள்ளது. சுரங்கக் கூலிக்கும் கம்பெனி வாசலில் நிற்கும் காவலாளிக்கும் இது பொது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியே மூடப்பட்டுவிட்டன.