பூச்சும் மூச்சும்

திருகோணமலை நகரில் ஓர்ஸ் ஹில் பகுதியை அடுத்து விரிந்து கிடப்பது உள்துறைமுகம். இந்நீர்ப்பரப்பில் பிரித்தானியக் கடற்படை நெடுங்காலம் தளம் அமைத்திருந்தது. 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் அத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்துறைமுகத்தின் போர்களைப் பற்றி எழுதியோர் பலர். கப்பல்களை உப்புநீரினின்று காத்த பூச்சுக்கும், பழுதுற்ற பூச்சை நீக்கிய கைகளுக்கும் தனியே ஒரு வரலாறு உண்டு.

மரக்கலங்களின் அடிப்புறத்தைக் கடற்புழு துளைத்தது. அதனைத் தடுக்கப் பிரித்தானியக் கடற்படை 1761இல் ‘அலாம்’ என்னும் கப்பலுக்குச் செப்புத்தகடு வேய்ந்தது. புழு அகன்றது, ஆயின் செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகளைக் கடல்நீர் அரித்தது. 1824இல் ஹம்பிரி டேவி என்னும் அறிஞர், துத்தநாகமும் இரும்பும் இணைத்துச் செம்பின் தேய்வை நிறுத்தினார். தேய்வு நின்றதும் சிப்பியும் பாசியும் பெருகலாயின. செம்பு சிறிது சிறிதாகக் கரைவதே காவல் என்பது அப்பொழுது விளங்கிற்று. திருகோணமலையின் பெயர் தாங்கி 1817இல் பம்பாயில் தேக்கினாற் கட்டப்பெற்ற போர்க்கப்பல் அம்மரக்கலக் காலத்தின் சான்றாக இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் பேணப்படுகின்றது.

இரும்புக் கப்பல்கள் வந்தபின் செந்நிற ஈயப்பூச்சு இடம்பெற்றது. பூச்சின் கீழே ஈரம் புகுந்தால் துரு பரவும்; தளர்ந்த பழம்பூச்சின்மேல் புதியது பூசினால் இரண்டும் சேர்ந்தே உரியும். ஆகவே கப்பலை நீருக்கு மேலே உயர்த்திச் சுத்தியலாற் கொத்தியும் சுரண்டியும் நீக்க வேண்டியதாயிற்று. அங்ஙனம் உயர்த்துவதும் எளிதன்று. 1944 ஆகஸ்ட் 8ஆம் நாள் ‘வாலியன்ட்’ என்னும் பெரும் போர்க்கப்பலைத் தாங்கிய மிதவைத் துறை திருகோணமலையிலேயே முறிந்து மூழ்கியது. சுரண்டிய தூளிலிருந்த ஈயமோ தொழிலாளியின் குருதியிற் சேரும் நஞ்சாகும்.

1870இல் அமெரிக்கரான டில்மன், மணலை விசையுடன் பாய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வேலை விரைந்தது. ஆயினும் நொறுங்கிய மணலின் நுண்தூள் நுரையீரலிற் படிந்து ஆறாத நோயை விளைத்தது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்ற பின்னரே, 1949இல், பிரித்தானியா தன் தொழிற்சாலைகளில் மணலைப் பாய்ச்சுவதைத் தடைசெய்தது.

இக்காலத்துச் சாளரச் சட்டங்களும் வாகன உறுப்புகளும் ‘பவுடர் கோட்டிங்’ எனும் தூள்பூச்சுப் பெறுகின்றன. மின்னூட்டத்தால் ஒட்டிய தூள் ஏறக்குறைய 200 பாகை வெப்பத்தில் உருகி இறுகுகின்றது. அவ்வாறு இறுகியது பின்னர் மீண்டும் உருகாது; சாதாரண வர்ணக் கரைப்பானுக்கும் எளிதில் இளகாது. எனவே கடுங் கரைப்பானால் இளக்குவர், அடுப்பில் எரிப்பர், அல்லது கடுந்துகள் பாய்ச்சுவர். மிகு வெப்பம் அலுமினியத்தின் வலிமையைக் குறைக்கும். எரிசோடா அதனை அரித்துவிடும். இளக்குதற்குப் பயன்பட்ட மெதிலீன் குளோரைட்டின் ஆவி, காற்றோட்டமற்ற இடங்களில் உயிர்களையும் பறித்துள்ளது. 2024இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடைவிதித்தது.

முறைகள் மாறினும் கேள்வி ஒன்றே: உலோகத்தின் ஆயுளை நீட்டும் வேலை, அதனைச் செய்வோரின் ஆயுளைக் குறைக்கலாமா? முகக்கவசமும் காற்றோட்டமும் வீண் செலவெனக் கருதும் பட்டறைகளுக்கு இவ்வரலாறு தக்க விடையை அளிக்கின்றது.